மாமூத் பல், தந்தம், முடி: இணையக் கடைச் சரக்கில் எது தேறும், எது தேறாது

பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன யானை இனமான கம்பளி மாமூத்தின் உடம்பில் இருந்த ஒரு பாகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் புதைபடிவக் கடைகளும் ஏலத் தளங்களும் இவற்றை வெளிப்படையாகவே விற்கின்றன. சந்தையில் புழங்குபவை ஐந்து வகை: வட கடலிலிருந்து வந்த கடைவாய்ப் பல், அந்தப் பல்லை அறுத்துப் பாலிஷ் போட்ட சீவல், சைபீரியத் தந்தத் துண்டு, கண்ணாடிக் குப்பியில் அடைத்த முடி, ரெசினில் வார்த்த நகல். கொடுக்கிற காசுக்கு ஈடாக நிற்பது வட கடல் பல் ஒன்றுதான். அதற்கு அடுத்தபடி நகல். மற்ற மூன்றும் தேறாது.

எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டிக்குள் ஓர் அட்டை வரும். பெரும்பாலும் எல்லா அட்டையிலும் ஒரே சேதிதான்: பனியுக விலங்கு, பத்தாயிரம் ஆண்டுப் பழமை, மனிதர் வேட்டையாடி ஒழித்தனர். சைபீரியப் பல்லுக்கும் அதே வாசகம், வட கடல் பல்லுக்கும் அதே வாசகம். நமக்குப் பிடிக்காத முதல் விஷயம் இதுதான். மாமூத் எப்போது அழிந்தது, எதனால் அழிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் ஊருக்கு ஊர் பதில் வேறு. கிடைத்த இடம் எழுதப்படாத பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பாதி விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

வட கடல் பல்லையே எடுத்துக்கொள்வோம். பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே கடலே இல்லை. ஆறுகள் ஓடிய புல்வெளி இருந்தது. கம்பளி மாமூத்தும் கம்பளிக் காண்டாமிருகமும் காட்டுக் குதிரையும் அங்கே மேய்ந்தன. இன்று அந்த இடத்தில் நாக்கு மீன் பிடிக்கப்போகும் இழுவலைப் படகுகள் அடித்தரையைச் சங்கிலிகளால் கிளறிக்கொண்டே போகும்போது எலும்பும் பல்லும் வலையில் ஏறிவிடுகின்றன. ரோட்டர்டாம் துறைமுகத்துக்குள் கப்பல் வரும் ஆழ்கால்வாயைத் தூர்வாரும்போதும் வருகின்றன. பிரவுன் பேங்க், யூரோகால்வாய் என்று அட்டையில் இருந்தால் இந்தப் பகுதிகளைத்தான் சொல்கிறார்கள். துறைமுகத்தை விரிவாக்கக் கடலடி மணலைக் கொட்டி உருவாக்கிய மாஸ்விளாக்டே 2 கரையிலும் மணலோடு வந்த பற்களும் எலும்புகளும் கிடைக்கின்றன.

இங்கே கிடைக்கும் கம்பளி மாமூத் பற்களில் பெரும்பாலானவை 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எலும்பிலும் பல்லிலும் உள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு எட்டக்கூடிய எல்லையே சுமார் 50,000 ஆண்டுதான். அதையும் தாண்டிய பற்கள் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் இந்த இனம் கடைசியாகத் தென்பட்டது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் கான்டோவர் என்ற இடத்தில் 1986-இல் கிடைத்த எலும்புகள் அந்தக் காலத்தவை; பெரிய மாமூத் ஒன்றும் குட்டிகளும் சேற்றுப் பள்ளத்தில் சிக்கிச் செத்திருக்கின்றன. ஆகவே வட கடல் பல்லோடு 'பத்தாயிரம் ஆண்டு' என்று வரும் அட்டை சுத்தமாகத் தவறு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு மாமூத்கூட இல்லை.

பத்தாயிரம் என்ற எண் ஓரளவுக்குப் பொருந்துவது சைபீரியப் பெருநிலத்துக்கு. இந்த இனம் உருவானதே வடகிழக்கு சைபீரியாவில்தான். அதற்கு முந்தைய புல்வெளி மாமூத்திலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே உருவாகி, சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்கும், சுமார் 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவையும் அலாஸ்காவையும் அப்போது இணைத்திருந்த பெரிங் நிலப்பாலத்தின் வழியாக வட அமெரிக்காவுக்கும் பரவியது. பனி உச்சத்தில் ஸ்பெயினிலிருந்து கனடா வரை ஒரே தொடராக உலர்ந்த குளிர்ப் புல்வெளி கிடந்தது. தெற்கே ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் பக்கத்தில் உள்ள படூல் வரை மாமூத் எலும்பு கிடைத்திருக்கிறது. கடைகளின் விளம்பரப் படங்களில் பனிப்பாறை மேல் மாமூத் நடந்துபோவதைப் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். யானை அளவு உடம்புக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். பனிப்பாறையில் எதைத் தின்னும்? அது வாழ்ந்தது புல் உள்ள இடத்தில். குளிர் இருந்தது, ஆனால் பனிப்பொழிவு குறைவு.

அழிவுக் கதையும் இந்தப் புல்லைச் சுற்றித்தான். சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் வெப்பம் சட்டென்று ஏறியது. காற்றில் ஈரம் கூடியது. உலர்ந்த புல்வெளி இருந்த இடமெல்லாம் சதுப்பும் பாசியும் புதரும் மரக்காடும் ஆயின. குளிர்காலத்தில் பனி ஆழமாக விழுந்து, மிச்சமிருந்த புல்லையும் மூடியது. 42,000 ஆண்டுகளுக்கு முன் மாமூத்துக்கு ஏற்ற தட்பவெப்பம் இருந்த பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் 6,000 ஆண்டுகளுக்கு முன் எஞ்சியிருந்தது என்று ஓர் ஆய்வு 2008-இல் கணித்தது.

வெப்பம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு கேள்வி இடிக்கிறது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னும் இதேபோல வெப்ப காலம் வந்தது. அப்போதும் மாமூத் சுருங்கி வடக்கே ஒதுங்கியது. பிறகு குளிர் திரும்பியதும் மறுபடி பரவியது. இரண்டாவது தடவை அப்படித் திரும்ப முடியவில்லை. இடையில் வந்தவர்கள் மனிதர்கள். சைபீரியாவில் யானா ஆற்றங்கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் தங்கியிருந்திருக்கிறார்கள். யானை இனத்தில் கர்ப்பகாலம் இருபது மாதத்துக்கு மேல். நாலைந்து ஆண்டுக்கு ஒரு குட்டி. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெண் மாமூத் குறைந்தாலே எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும். புல்வெளி துண்டு துண்டாக உடைந்தபிறகு சிறு வேட்டையும் பெரிய அடிதான். பெருநிலத்தைப் பொறுத்தவரை வெப்பம் பாதி, வேட்டை பாதி என்று வைத்துக்கொள்வது நியாயம். எது அதிகம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

ஆனால் தீவுகளில் கதை வேறு. அலாஸ்காவுக்கு அப்பால் பெரிங் கடலில் உள்ள செயின்ட் பால் தீவில் மாமூத்துகள் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தன. அந்தத் தீவில் அப்போது மனிதர் காலடியே படவில்லை. கடல் ஏற ஏறத் தீவு சுருங்கியது, ஏரி வற்றிக் கலங்கியது. குடிநீருக்காக எல்லாம் ஒரே ஏரியைச் சுற்றி நின்று கரையை மிதித்துத் துவைத்ததில் மண் சரிந்து ஏரி இன்னும் தூர்ந்தது. அவை தாகத்தில் செத்தன என்பதை ஏரிச் சேற்றின் படிவுகளை வைத்து 2016-இல் காட்டினார்கள்.

ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் உள்ள ரேங்கல் தீவில் இன்னும் நீண்ட காலம் தாங்கின. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சூழ்ந்து அங்கே மாட்டிக்கொண்டவை எட்டு மாமூத் அளவுக்குக் குறைந்தன என்றும், இருபது தலைமுறைக்குள் 200-300 ஆகப் பெருகின என்றும் 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அதன்பின் ஆறாயிரம் ஆண்டு அதே அளவில் ஓட்டின. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் கெட்ட மரபணு மாற்றங்கள் சேர்ந்தன. மோப்பத்துக்கான மரபணுக்கள் பழுதாயின. கடைசி மாமூத் செத்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன். அதாவது சிந்துவெளி நகரங்களில் யானைத் தந்தத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் ரேங்கல் தீவில் மாமூத் உயிரோடு இருந்தது. அந்தத் தீவில் மனிதர் இருந்ததற்கான பழைய தடயம் அதற்குச் சில நூறு ஆண்டு பிந்தியது. ஆகவே எல்லாப் பல்லுக்கும் 'மனிதர் வேட்டையாடி ஒழித்தனர்' என்று ஒரே அட்டை அச்சடிப்பது சோம்பேறித்தனம்.

இனி சரக்கு.

வட கடல் பல்லில் முதிர்ந்த விலங்கின் கடைசிக் கடைவாய்ப் பல்லைக் கேட்டு வாங்குங்கள். 25 முதல் 30 செ.மீ. நீளம், சில கிலோ எடை, கறுப்பும் கபிலமும் கலந்த நிறம். மேற்பரப்பு புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி வரிவரியாக இருக்கும். வேலையும் அதேதான், புல்லை அரைப்பது. ஒவ்வொரு வரியும் ஒரு தகட்டின் விளிம்பு. தகட்டின் வெளிச்சுற்றில் கடினமான எனாமல், உள்ளே மென்மையான டென்டைன், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அவற்றை ஒட்டிப்பிடிக்கும் சிமென்டம். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்வதால் மேற்பரப்பு எப்போதும் சொரசொரப்பாகவே நிற்கும். பனியுகப் புல்லில் மணலும் புழுதியும் அதிகம். அதைத் தாங்கத்தான் இத்தனை தகடு. வாழ்நாளில் ஆறு செட் பல். பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்து பழையதைத் தள்ளும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் பட்டினிதான்.

படம் பார்த்து வாங்கும்போது அடிக்கோல் வைத்து மேலிருந்து எடுத்த படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று கேளுங்கள். பல்லின் நடுக்கோட்டில் 10 செ.மீ. அளந்து அதற்குள் எத்தனை தகடு என்று எண்ணுங்கள். கம்பளி மாமூத் என்றால் எட்டுக்கு மேல் இருக்க வேண்டும். பத்து, பதினொன்றுகூட வரும். எனாமல் மெல்லியது, 1 முதல் 2 மி.மீ. நான்கைந்து தகடுதான் தேறுகிறது, எனாமலும் 3 மி.மீ. தடிமன் என்றால் அது கம்பளி மாமூத் இல்லை; அதைவிடப் பல லட்சம் ஆண்டு மூத்த தென் மாமூத். வட கடலிலும் நெதர்லாந்தின் ஊஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்திலும் அதுவும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே புல்வெளி மாமூத் நிற்கும். விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் கம்பளி என்றே பெயர் வைக்கிறார்கள், அந்தப் பெயருக்குத்தான் கிராக்கி. நிஜத்தில் தென் மாமூத் பல்தான் அரிது. எண்ணத் தெரிந்தவருக்கு இதில் லாபம்.

இன்னொரு எச்சரிக்கை. சாயம் ஏற்றிய ஆசிய யானைப் பல் மாமூத் என்ற பெயரில் கைமாற வாய்ப்பு உண்டு. ஆசிய யானையும் மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு என்பதால் முதல் பார்வைக்கு ஏமாற்றும். அதன் எனாமல் தடிமனாகவும் விளிம்பு நெருக்கமான சுருக்கங்களோடும் இருக்கும். மாமூத்தில் விளிம்பு அவ்வளவு மடிந்திருக்காது. யானைப் பல் உங்கள் கையில் இருந்தால் அது சட்டச் சிக்கல், சேகரிப்பு இல்லை.

ஒட்டுவேலை செய்த பற்கள் நிறைய. அறிகுறிகள் எளியவை. மேற்பரப்பு கொஞ்சமும் தேயாத இளம் பல்லில் நீளமான முழு வேர்கள் இருந்தால் நம்பாதீர்கள். பல் தேயத் தேயத்தான் வேர் வளரும், இளம் பல்லின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் பசையும் நிரப்பும் தனியாக ஒளிரும். பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்தால் பெயிண்ட் பஞ்சில் ஏறிவிடும். உடைந்த தகடுகளை ஒட்டியிருப்பது குற்றம் இல்லை. இரண்டு மூன்று பல்லின் தகடுகளைச் சேர்த்து ஒரே பல்லாக்கியிருந்தால்தான் குற்றம். தகடுகளின் உயரமும் சாய்வும் ஓரிடத்தில் திடீரென்று மாறுவதைப் பார்த்துப் பிடிக்கலாம்.

படகிலிருந்து நேராக வந்த பல் மலிவு, ஆனால் வேலை உங்கள் தலையில். கடலடியில் கிடந்த பல்லில் உப்பு ஊறியிருக்கும். அப்படியே காயவிட்டால் உப்பு படிகமாகி உள்ளிருந்து நெம்பும். சிமென்டம் வெடித்துத் தகடுகள் தனித்தனியாகக் கழன்றுவிடும். பல் முழுக்க மூழ்கும் பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி வையுங்கள். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இங்கே பயன்படும். ஊற்றும்போது ஒரு அளவு, இரண்டு நாள் கழித்து ஓர் அளவு. ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். நாலைந்து நாள் ஊறியும் அளவு ஏறாத நிலை வந்தால் உப்பு போய்விட்டது. இதற்குச் சில வாரம் ஆகும், பெரிய பல்லுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். வினிகர், எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. வினிகரிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் பல்லையே கரைக்கும்.

உலர்த்துவதில்தான் அதிகம் பேர் பல்லைக் கெடுக்கிறார்கள். வெயிலும் ஃபேன் காற்றும் எதிரி. செய்தித்தாளில் சுற்றி, நாலைந்து துளை போட்ட பாலிதீன் பைக்குள் நிழலில் வையுங்கள். தாள் நனைந்தால் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறவில்லை என்றால் உலர்ந்துவிட்டது. அதன்பிறகு பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் ரெசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துத் தூரிகையால் ஊட்டுங்கள். ஒரு நாள் விட்டு 10 சதவீதக் கரைசல். மேலே பளபளப்புப் படலம் நின்றால் அளவு கூடிவிட்டது, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பில் தீ இல்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. மரச்சாமான் வார்னிஷும் வெள்ளைப் பசையும் வேண்டாம். பின்னால் கழற்ற வழி இருக்காது; ஈரமான ஊரில் வெள்ளைப் பசை இளகவும் செய்யும்.

பதப்படுத்திய பல் கொஞ்சம் விலை கூடினாலும் முதல் முறை வாங்குபவர்கள் அதையே எடுப்பது நல்லது. அதிலும் ஒரு நோய் ஒளிந்திருக்கலாம்: பைரைட். கடலடிச் சேற்றில் கிடந்தபோது பல்லின் இடுக்குகளில் இந்த இரும்புச் சல்பைடு படிந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது சிதைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. வெள்ளை அல்லது மஞ்சள் பொடி உதிர்வது, மூக்கைக் குத்தும் கந்தக வாடை, பல்லுக்கு அடியில் வைத்த காகிதம் கருகியதுபோல் ஆவது ஆகியவை அடையாளம். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேதான். ஆகவே திறந்த ஷோகேஸ் வேண்டாம். காற்றுப் புகாத தெளிவான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிறிய டிஜிட்டல் ஈரமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். 45-க்கும் 55-க்கும் நடுவே நிறுத்துங்கள். ஜெல்லை அள்ளிக் கொட்டிவிட்டால் டப்பாவுக்குள் பாலைவனமாகி, வறட்சியில் பல் விரிசல் விடும். 45-க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தை வெளியே எடுங்கள். இரவில் ஏ.சி., பகலில் நிறுத்தம் என்று ஏறி இறங்கும் அறைதான் இருப்பதிலேயே மோசம்.

இவ்வளவு பாடுபட்டாலும் வட கடல் பல்லுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் குறைந்தது அந்த அட்டைக்காக. கையில் காசு குறைவு என்றால் குட்டி மாமூத்தின் பால்பல் தேடுங்கள். சில சென்டிமீட்டர்தான், ஆனால் தகடு, வேர் எல்லாம் முழு அமைப்போடு இருக்கும்.

பல் சீவல்களுக்கு வருவோம். உடைந்த பல்லைக் கல் அறுக்கும் இயந்திரத்தில் மெல்லிய பலகைகளாக அறுத்து, வெற்றிடத்தில் ரெசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, பாலிஷ் போட்டு விற்கிறார்கள். கத்திப்பிடி செய்பவர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். வரிகள் அழகுதான். பளீரென்ற நீலமும் பச்சையும் ரெசினோடு ஏற்றிய சாயம். இயற்கை என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். பல் எந்த இடத்தது, எந்த இனத்தது என்று சீவலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அலங்காரப் பொருளாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு இரண்டரை.

தந்தத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது; வாங்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்குக் காரணம் நேரடியானது. யானைத் தந்த வணிகம் இங்கே முழுத் தடை. 1986-இல் இந்திய யானைத் தந்தத்துக்கும் 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. பார்சலில் தந்தம் போன்ற ஒன்று வந்தால் அது மாமூத் என்று சுங்கத்தில் நிரூபிக்க வேண்டிய பாடு உங்களுடையது. அமெரிக்காவிலும் நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா மாநிலங்கள் மாமூத் தந்தத்தையும் தடைக்குள் கொண்டுவந்துவிட்டன. சர்வதேச அளவில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் மாமூத் இல்லை. சேர்க்கச் சொல்லி 2019-இல் இஸ்ரேல் முன்வைத்த முன்மொழிவு நிறைவேறவில்லை. அந்த ஓட்டையில்தான் வணிகம் நடக்கிறது.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்கள் கையில் ஏற்கெனவே தந்தத் துண்டு இருந்தால் சரிபார்க்கும் முறை இது. தந்தத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். ஸ்கேனரில் முகத்தைக் கவிழ்த்து வைத்து நகல் எடுங்கள். வெளிவிளிம்பை ஒட்டிய கோடுகள் வெட்டும் கோணத்தைப் பாகைமானியால் அளங்கள். ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி பாருங்கள். 90 பாகைக்குக் கீழ் என்றால் மாமூத், 115-க்கு மேல் என்றால் யானை. நடுவே விழுந்தால் முடிவு சொல்ல முடியாது. உள்பக்கக் கோடுகளை அளந்தால் கணக்கு தப்பும். மாமூத்திலும் யானையிலும் அங்கே குறுங்கோணம் வரும். நீளவாக்கில் அறுத்த வளையம், மணி, பொத்தானில் இந்தச் சோதனைக்கே வழியில்லை, யானைத் தந்தம் மாமூத் பெயரில் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். மண்ணிலிருந்து ஏறிய விவியனைட் என்ற நீல இரும்புப் பாஸ்பேட் கறை இருந்தால் அது மாமூத்துக்குச் சாதகமான சாட்சி, யு.வி. ஒளியில் ஊதா கலந்த நீலத் திட்டாக எழும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வடகிழக்கு சைபீரியாவின் யாகூட்டியாவில் தந்தம் தேடுபவர்கள் ஆற்றங்கரை உறைநிலத்தில் தண்ணீர் பம்பு வைத்துப் பீய்ச்சிக் குகை குடைகிறார்கள். தந்தம் மட்டும் காசு. மற்ற எலும்பும் மகரந்தமும் மண்ணடுக்கும் சேறாகி ஆற்றோடு போகின்றன. அந்த விலங்கு எப்போது, எதைத் தின்று, எப்படிச் செத்தது என்று சொல்லியிருக்கக்கூடிய அத்தனையும் அந்தச் சேற்றில்தான் இருந்தது.

முடிக்கு ஒரு வரி போதும்: குப்பிக்குள் நாலு இழை, உண்மையா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. சரி, இரண்டாவது வரி. செம்பட்டையாக இருப்பதுதான் அசல் நிறம் என்று விற்பார்கள். மாமூத்தின் முடி வெளிர் நிறத்திலிருந்து அடர் கபிலம் வரை இருந்தது, அந்தச் செம்பட்டை பல ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து நிறமி சிதைந்ததால் வந்தது. ஐந்துக்கு ஒன்று.

நகலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ வாங்குவதென்றால் நகல்தான் சரி. பிள்ளைகள் தொடலாம், கீழே போட்டாலும் பாதகம் இல்லை, ஈரப்பதக் கவலை இல்லை. நல்ல வார்ப்பில் எனாமல் விளிம்புகள் விரலுக்குத் தட்டுப்படும். மலிவு வார்ப்பில் எல்லாம் வழுவழுப்பு, நடுவே அச்சு இணைந்த கோடு, அங்கங்கே காற்றுக் குமிழித் துளை. ரெசின் எடை அசல் பல்லின் எடையில் ஏறக்குறைய பாதிதான் வரும் என்பதால், அசல் என்று சொல்லி நகலைத் தள்ளினாலும் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். ஆசிய யானைப் பல்லின் நகலையும் சேர்த்து வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாடம் நடத்துவது சுலபம். ஐந்துக்கு நாலு.

ஆர்டர் போடுமுன் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தக் கடற்பகுதி, எந்தப் படகு அல்லது யார் வழியாக வந்தது, உப்பு எடுத்தாயிற்றா, எதை வைத்துக் கெட்டிப்படுத்தினார்கள், எங்கே ஒட்டு, எங்கே நிரப்பு. தெளிவாகப் பதில் எழுதுபவர் பெரும்பாலும் ஒழுங்கான ஆள். விலைச்சீட்டில் 'புதைபடிவப் பல், மாமூதஸ் பிரிமிஜீனியஸ், தந்தம் அல்ல' என்று இனப்பெயரோடு எழுதச் சொல்லுங்கள். வெறும் 'மாமூத்' என்று இருந்தால் சுங்கத்தில் தந்தம் என்றே நினைப்பார்கள். பேக்கிங்கில் பல்லைத் தேயும் முகம் மேலே பார்க்க வைக்கக் கூடாது, பக்கவாட்டில் படுக்கவைத்து நுரைத் தாள் சுற்றி இரட்டைப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். பார்சல் வந்ததும் உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையிலேயே விட்டுவிட்டுத் திறங்கள். குளிர்நாட்டு விமானச் சரக்கறையிலிருந்து வந்த பல் நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டென்று வியர்க்கும்; சிமென்டத்தில் முதல் விரிசல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழுகிறது.